எதிர்க் கண்டெய்னரிலிருந்து ஒரு நோட்டீஸ்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று நம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ரிட்டயர் ஆனவளை நிம்மதியாக இருக்க விடமாட்டீர்களா என்று கடிந்துகொண்டேன். கடிந்துகொண்டேனே தவிர, போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். முட்டி ரிட்டயர் ஆகிவிட்டது, வாய் இன்னும் ஆகவில்லை.

குழாயை எந்தச் சரிவில் பதிப்பது, கான்கிரீட்டை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதையெல்லாம் உங்கள் லேப்டாப் என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் சொல்லப்போவது, கிட்டத்தட்ட ஒரே நாளில் நடந்து முடிந்த ஒரு சங்கதி. இத்தனை வருஷ சர்வீஸில் என்னை ஆட்டிவைத்த நாள் அதுதான்.

முதலில் உங்கள் மேஜையில் இருக்கும் அந்தப் புத்தகம். செங்கல் கனத்துக்கு ஒன்று கொடுத்திருப்பார்களே, ஒப்பந்தப் பொது நிபந்தனைகள் என்று. பாலமோ பாதாளச் சாக்கடையோ, எந்தக் கட்டுமான வேலைக்கும் அதே புத்தகம்தான். அந்தந்த வேலைக்கு என்று நாலு சிறப்பு நிபந்தனை பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். யாரோ எங்கேயோ உட்கார்ந்து, மனிதர்கள் என்னென்ன விதமாகச் சண்டை போடுவார்கள் என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்தது. மழை பெய்தால் என்ன, லாரி வராவிட்டால் என்ன, தோண்டுகிற இடத்தில் பாறை வந்தால் என்ன, எல்லாம் இருக்கும்.

அந்தப் புத்தகத்தில் மூன்று பேர். வேலையைக் கொடுக்கிற துறை, வேலையைச் செய்கிற கான்ட்ராக்டர், நடுவில் இன்ஜினீயர். அந்த நடு ஆள் நான். இனிமேல் நீங்கள். வேடிக்கை என்னவென்றால், நமக்குச் சம்பளம் வருவது துறையிடமிருந்து. ஆனால் இரண்டு பேருக்கும் தகராறு என்றால், நியாயமாக முடிவு சொல் என்று புத்தகம் நம்மிடம்தான் சொல்கிறது. கல்யாணத்தில் பெண் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுக்கும் பரிந்து பேசுகிற மாமா ஒருத்தர் இருப்பாரே, அந்த உத்தியோகம் நமக்கு.

சங்கதிக்கு வருகிறேன். ஆவடி சேக்காட்டில் பாதாளச் சாக்கடை வேலை. ஒரு காலி மனையில் புங்க மரத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கண்டெய்னர் ஆபீஸ், அந்தப் பக்கம் கான்ட்ராக்டரின் கண்டெய்னர். கதவைத் திறந்தால் அவர்கள் குடிப்பது டீயா காப்பியா என்று தெரியும். அவ்வளவு கிட்டம்.

அந்த எதிர்க் கண்டெய்னரில் ஒப்பந்த விவகாரமெல்லாம் பார்க்கிறவர் ஒருத்தர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம். எங்கேயோ நன்றாக இருக்கிறார், இதைப் படித்தால் வரிக்கு வரி மறுப்பு எழுதி அனுப்புவார். சைட்டில் எல்லோரும் அவரைக் ‘கிளைம் சார்’ என்போம். எதற்கெடுத்தாலும் கிளைம், அதாவது கூடுதல் காலமோ பணமோ கேட்டு ஒரு கோரிக்கை. நாலு தூறல் விழுந்தால் அன்று சாயங்காலம் என் மேஜையில் நோட்டீஸ் இருக்கும்: மழையால் வேலை தடைப்பட்டது, கால நீட்டிப்புக் கோருகிறோம். எங்கள் ஆள் வரைபடத்தை மதியம் கொடுத்தால், காலையில் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு நோட்டீஸ். எல்லாம் இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால், ‘தங்கள் கடிதத்தில் கண்ட அனைத்தையும் மறுக்கிறோம், எங்கள் உரிமைகள் அனைத்தையும் தக்கவைத்துக்கொள்கிறோம்’ என்று முடியும். நான் மட்டும் சும்மாவா? ‘தங்கள் வாதத்தில் சாரமில்லை’ என்று பதில் எழுதுவேன்.

இப்படிக் காலையில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிவிட்டு, மதியம் ஒரு மணிக்கு இரண்டு பேரும் புங்க மரத்தடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்.

“மேடம், கடிதாசி கம்பெனிக்கு. சோறு நமக்கு. ரெண்டையும் கொழப்பிக்கிடாதீங்க.”

அவர் மனைவி வசந்தா அக்கா குடுத்து விடுகிற பீன்ஸ் பொரியல் இருக்கிறதே, அடடா! ஊசியால் நறுக்கினாரா என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு பொடியாக இருக்கும். என் டப்பாவில் இருக்கும் தக்காளி சாதத்தைப் பார்த்து, “இன்னைக்கும் இதுதானா, இது தாமதத்துக்குள்ள அபராதமா மேடம்?” என்பார். சாப்பாட்டு நேரத்தில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நீங்களும் அப்படி இருங்கள். எதிர்த் தரப்போடு சாப்பிட்டால் விலைபோய்விட்டதாக அர்த்தம் இல்லை. சாப்பிட்ட பிறகு கடிதத்தில் ஒரு வரியை மழுப்பினால்தான் விலைபோனதாக அர்த்தம்.

துறைத் தரப்பில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயர். இ.இ. என்போம். சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், பழைய விவசாயக் குடும்பம். கூட்டத்தில் பேசும்போது ஆபீஸ் தமிழ் வரும். கோபமோ சந்தோஷமோ வந்தால் சொந்தப் பாஷை வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் ஒரு தெருவில் பொக்லைன் தோண்டிக்கொண்டிருந்தது. வாளி இறங்கிய இடத்தில் மண்ணே இல்லை. திடீரென்று தெருவில் பாதி உள்ளே போய்விட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்டிப் பார்த்தால் பழைய கிணறு. செங்கல் சுற்றுச்சுவரோடு, மேலே குப்பையும் மண்ணும் போட்டு மூடியது. எந்த வரைபடத்திலும் இல்லை.

நானும் ஓடினேன், கிளைம் சாரும் ஓடினார், இ.இ.யும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

“இந்தப் பக்கம் பூரா ஒரு காலத்துல கழனி மேடம்” என்றார் இ.இ. “கெணறு இல்லாத கழனியே கெடையாது. எதை எங்க மூடினானுங்கன்னு எவனுக்குத் தெரியும்?”

கிணற்றைக் கெட்டிப்படுத்த வேண்டும், குழாயின் பாதையை மாற்ற வேண்டும், புது வரைபடம் வேண்டும். அந்தத் தெருவில் வாரக்கணக்கில் வேலை நிற்கப்போகிறது என்று மூன்று பேருக்கும் அங்கேயே தெரிந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் யாரும் எதிர்பார்க்க முடியாதது வந்தால், அதனால் ஆகிற தாமதத்துக்குக் கான்ட்ராக்டருக்குக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் அது இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு கொக்கியும் இருக்கிறது: விஷயம் தெரிந்த இருபத்தெட்டு நாளுக்குள் கான்ட்ராக்டர் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமை போச்சு. ஊரே நின்று பார்த்ததாக இருந்தாலும் போச்சு.

கிளைம் சார் அன்று சாயங்காலமே நோட்டீஸ் போட்டிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று மதியம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் போன் அடித்தது. பக்கத்து ஃப்ளாட் அம்மா. வசந்தா அக்கா குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாராம், மூளையில் ரத்தக் கசிவு. கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க எழுந்து ஓடினார் மனுஷன். டப்பாவைக் கழுவி நான்தான் எடுத்து வைத்தேன்.

அதற்கப்புறம் அவருக்கு ஐயப்பன்தாங்கல் பக்கத்து ஆஸ்பத்திரிதான் வீடு. இடையில் எப்போதாவது வந்து, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேய் அறைந்த மாதிரி திரும்பிப் போவார். மரத்தடி பெஞ்சில் நான் தனியாகச் சாப்பிட்டேன். தக்காளி சாதத்தைக் கேலி செய்ய ஆள் இல்லை.

சைட்டில் தினமும் கிணற்றுப் பேச்சுதான். கிணற்றுக்காகக் கூட்டம், கிணற்றுக்காகப் புது வரைபடம், வாட்ஸ்அப்பில் கிணற்றின் போட்டோ. இவ்வளவு பேசிய பிறகு நோட்டீஸ் ஒன்று தனியாக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவர்கள் சைட் மேனேஜர் கிளைம் சார் போட்டிருப்பார் என்று நினைத்தார். கிளைம் சார் எதையும் நினைக்கிற நிலையில் இல்லை. இதுதான் நம் தொழிலில் மட்டும் நடக்கிற பிழை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாத அறிக்கை எழுத உட்கார்ந்த ஒரு முற்பகலில்தான் எனக்கு அது உறைத்தது. கிணறு என்று தலைப்புப் போட்டு, கான்ட்ராக்டரின் நோட்டீஸ் எது என்று குறிப்பிடத் தேடினேன். இல்லை. மழைக்கு இருக்கிறது, லாரி வேலைநிறுத்தத்துக்கு இருக்கிறது, தெருவில் சாமி ஊர்வலம் போனதற்குக்கூட இருக்கிறது. கிணற்றுக்கு இல்லை. காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் கடைசி நாள்.

அந்த நோட்டீஸ் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். கிணற்றுக்கான காலம் கிடைக்காது. வேலை தாமதமாக முடியும், தாமத அபராதம் கம்பெனி தலையில் விழும். கம்பெனி யார் தலையை உருட்டலாம் என்று பார்க்கும். நோட்டீஸில் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒரே ஒருத்தருக்குத்தான், அதனால் தேட வேண்டிய அவசியமும் இருக்காது. அவர் வேலை போகும். வசந்தா அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸில். வேலை போனால் அதுவும் போகும்.

நமக்கென்ன வந்தது மேடம், தவறவிட்டது அவங்கதானே என்று உங்களில் யாராவது மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டுக்கொண்டேன். புத்தகத்தை எடுத்து முழுக்கப் புரட்டினேன். இன்ஜினீயர் நினைவூட்ட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நினைவூட்டக் கூடாது என்றும் இல்லை. எல்லாச் சண்டையையும் யோசித்த புண்ணியவான்கள் இதை மட்டும் என் தலையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்தவள் ஆவேன். சொல்லாமல் விட்டால் மறு பக்கம் சாய்ந்தவள். அதுவும் போதாதென்று அவரோடு சோறு தின்றவள் வேறு. சிநேகத்துக்காகச் செய்கிறேனா, நியாயத்துக்காகச் செய்கிறேனா? என்னையே எனக்கு நம்ப முடியவில்லை.

கடைசியில் எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இ.இ. இதே அறையில் நின்றுகொண்டிருந்தால் நான் இதைச் செய்வேனா? இதே தேதியை இ.இ. தவறவிட இருந்தால் கிளைம் சார் கண்ணெதிரே அவருக்குச் சொல்வேனா? இரண்டுக்கும் ஆமாம் என்றே பதில் வந்தது. ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை என்றால் செய்யலாம். எனக்குத் தெரிந்த அளவுகோல் இவ்வளவுதான், உங்களுக்கு இதைவிட நல்லதாகக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

உடனே இ.இ.க்குப் போன் போட்டேன்.

“சார், கிணத்துக்கு அவங்க இன்னும் நோட்டீஸ் குடுக்கல. இன்னைக்குத்தான் கடைசி நாள். நான் அவர்கிட்ட போய்ச் சொல்லப்போறேன். உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு மொதல்ல உங்களுக்குச் சொல்றேன்.”

மனுஷன் வெடித்தார்.

“இன்னா மேடம் வெளாடறீங்களா? எங்ககிட்ட சம்பளம் வாங்கிகினு அவனுக்கு வக்காலத்தா? அவன் கோட்டை வுட்டான்னா அது அவன் தலையெழுத்து. நாளைக்கு மேல கீறவன் என்னைக் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

“இன்ஜினீயர் சொன்னாங்கன்னு சொல்லுங்க சார். நான் பர்மிஷன் கேக்கல. சொல்லிட்டுச் செய்றேன்.”

“உங்களை மாத்தச் சொல்லி எழுத எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஒரு கடிதம்தான் சார். அதுவும் புத்தகத்துல இருக்கு.”

டக்கென்று வைத்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த வயதில் வேறு வேலை தேட எனக்குத் தெம்பு இல்லை.

கிளைம் சார் போன் அணைந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பூந்தமல்லி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம் தாண்டி ஐயப்பன்தாங்கல் போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். “உக்காருங்க சார்” என்று டப்பாவைத் திறந்து கையில் கொடுத்தேன். அன்று தயிர் சாதம். நல்லவேளை, தக்காளி சாதமாக இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வந்திருக்காது.

“நாளைக்கு இன்னொரு ஆபரேஷன்னு சொல்லிருக்காங்க” என்றார். “நேத்து கண்ணத் தொறந்து பாத்தா. என்னைத் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.”

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. பெண்டாட்டி உயிருக்குப் போராடுகிற இடத்தில் உட்கார்ந்து நோட்டீஸ், நிபந்தனை என்று எந்த வாயால் சொல்வது? இ.இ.யிடம் அவ்வளவு வீராப்பாகப் பேசியவள் அங்கே பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பாதி சாப்பிட்டவர் கேட்டார், “இன்னைக்கு என்ன தேதி மேடம்? இங்கன உக்காந்து நாளே தெரிய மாட்டேங்குது.”

தேதியைச் சொன்னேன்.

ஸ்பூன் அப்படியே நின்றது. அவர் உதடு மட்டும் அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“கெணறு” என்றார். “ஐயோ, கெணத்துக்கு நான் போடல மேடம்.”

“போடல சார்.”

“இத சொல்லத்தான் வந்தீங்களா?”

“ஆமா. இ.இ. சாருக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நிமிஷம் பழைய கிளைம் சார். நர்ஸிடம் வெள்ளைத் தாள் வாங்கினார், என் பேனாவை வாங்கினார், முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். கிணறு எங்கே, எப்போது, எந்தப் பிரிவின் கீழ் கோருகிறோம், எல்லாம் மனப்பாடம். கடைசி வரியில் ‘எங்கள் உரிமைகள் அனைத்தையும்’ என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“குடுங்க சார்” என்று கையை நீட்டினேன்.

“இங்கன குடுத்தா செல்லாது மேடம். ஒங்க ஆபீஸ் விலாசத்துல குடுத்து சீல் வாங்கணும். ஈமெயிலும் செல்லாது, சிறப்பு நிபந்தனையில நீங்கதான் சேத்து வச்சிருக்கீங்க. நானே வாரேன்.”

நானே எழுதிய நிபந்தனைதான். அந்த நேரத்தில் என்னை நானே திட்டிக்கொண்டேன். அவர் எழுந்து நான்கு அடி வைத்திருப்பார், நர்ஸ் கூப்பிட்டாள். டாக்டர் பேச வேண்டுமாம், ஆபரேஷன் சம்மதத்தில் கையெழுத்து வேண்டுமாம். அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், ஐ.சி.யு. கதவைப் பார்த்தார்.

“நான் கொண்டுபோறேன் சார். நீங்க போங்க.”

“நீங்க எதிர்க்கட்சி மேடம்.”

“ஆட்டோக்காரர் மாதிரி நெனச்சுக்கோங்க. கொண்டுபோய் என் ஆபீஸ்ல குடுக்குறேன், என் ஆபீஸ் வாங்கிக்கும். நான் கொண்டாந்தேன்னு நானே எழுதி வைப்பேன்.”

தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார். உள்ளே போய்விட்டார்.

எனக்கே வந்த நோட்டீஸை நானே தூக்கிக்கொண்டு ஓடிய ஆள் இந்த ஊரில் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள். குமணன்சாவடியில் வண்டி ஒரு அடி நகரவில்லை. நான் நொடிக்கொரு தரம் கைப்பையைத் திறந்து மூடுவதைக் கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர் கேட்டார்:

“இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கு போறப்போதான் அவசரமா போவாங்க. நீ வூட்டுக்குத் திரும்பறதுக்கு இவ்ளோ அவசரப்படறியே?”

“வூட்டுக்கு இல்லப்பா, ஆபீஸுக்கு. மூடறதுக்குள்ள போகணும்.”

“அப்ப கெட்டியா புட்ச்சிக்கோ” என்றவர் எந்தெந்தச் சந்தில் நுழைந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் புங்க மரத்தடியில் இறக்கிவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

இறங்கிப் பார்த்தால் எங்கள் கண்டெய்னர் வாசலில் இ.இ. நிற்கிறார். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். தடுக்கத்தான் வந்திருக்கிறார் போல.

“கொண்டாந்தீங்களா?” என்றார்.

எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். திரும்ப மடித்தார்.

“அவரு ஊட்டம்மா எப்டி கீறாங்க?”

“நாளைக்கு ஆபரேஷன் சார்.”

“ம்.” கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். “சீல் குத்துங்க மேடம். நேரத்தையும் போடுங்க. நீங்களே கொண்டாந்து நீங்களே வாங்கினா, நாளைக்கு ஆடிட்ல உங்களை உரிச்சு உப்பு தடவிருவானுங்க. டயத்துக்கு வந்துச்சுன்னு பக்கத்துல நானும் ஒரு கையெழுத்து போடறேன். வந்ததை வந்துச்சுன்னு சொல்றதுல இன்னா கீது?”

சீல் கட்டையை மையில் ஒற்றவே ரெண்டு தரம் தவறிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியில் இறங்கியவர் திரும்பி நின்றார்.

“அதுக்காக அவனுக்கு ஒரு நாள் எக்ஸ்ட்ரா குடுத்தீங்கன்னு வைங்க, அப்ப நான் சும்மா இருக்க மாட்டேன், ஆமா.”

“குடுக்க மாட்டேன் சார்” என்றேன்.

வசந்தா அக்கா பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் முன்னைப்போல வரவில்லை. இடது கையால் பழக வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளைம் சார் வேலைக்குத் திரும்பிய அன்று தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் கண்டெய்னருக்குள் போய்விட்டார். கைப்பயிற்சிக்காக மதியங்களில் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால் சாப்பாட்டுக்கும் வரவில்லை. எனக்குள் ஒரு பயம் வந்தது. மனுஷன் இனிமேல் எனக்குக் கடன்பட்டவர் மாதிரி நடந்துகொள்வாரோ? நான் எழுதுவதற்கெல்லாம் சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டுவாரோ? அப்படி ஆகிவிட்டால் அன்றைக்கு நான் செய்தது நியாயம் இல்லை, அவரை விலைக்கு வாங்கியது. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கொஞ்ச நாளில் கிணற்றுக்கான முழுக் கிளைமையும் அனுப்பினார். அடேயப்பா! கிணற்றால் ஆன தாமதத்தோடு, அவர்கள் குழாய் லாரி நேரத்துக்கு வராத தாமதத்தையும் நைசாகச் சேர்த்துக் கேட்டிருந்தார். நான் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்டேன். இ.இ. மேஜையைத் தட்டிப் பேசினார், கிளைம் சார் பிரிவு பிரிவாக எடுத்துப் போட்டார். கடைசியில் கிணற்றுக்கு எவ்வளவு காலம் உண்டோ அவ்வளவு கொடுத்தேன், ஒரு நாள் குறைக்கவில்லை. குழாய் லாரிக்கு ஒன்றும் இல்லை, ஒரு நாள் கூட்டவில்லை. கிணற்றுக்குக் கிடைத்தது அபராதத்தைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது. அவர் வேலை தப்பியது.

முடிவைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அதை ஏற்காதவர்கள் அதிருப்தி நோட்டீஸ் கொடுக்கலாம் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. இ.இ. சத்தம் போட்டாரே தவிர எழுதவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எதிர்க் கண்டெய்னரிலிருந்து உறை வந்தது. பிரித்தேன். இன்ஜினீயரின் முடிவு ஒருதலைப்பட்சமானது, ஆதாரங்களைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை, ஒப்பந்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார், இதை முழுவதுமாக மறுக்கிறோம், மேல் விசாரணைக்குக் கொண்டுபோவோம். மூன்று பக்கம். ஒரு வரியில்கூட மழுப்பல் இல்லை. பேனாவால் என் தோலை உரித்துத் தொங்கவிட்டிருந்தார்.

படித்து முடித்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன், பிள்ளைகளே. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. என்னை அவர் விலைக்கு வாங்க வந்தவளாக நினைக்கவில்லை. தன்னையும் விற்கவில்லை. எத்தனையோ பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறேன், பீரோவில் எங்கேயோ கிடக்கிறது. அந்த மூன்று பக்கம் மட்டும் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

ஒரு மணிக்குப் புங்க மரத்தடிக்குப் போனேன். அவர் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பழைய டப்பா. மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பீன்ஸ் பொரியல். பொடிப்பொடியாக இல்லை. ஒன்று விரல் நீளம், ஒன்று நகத்தளவு, ஒன்று கோணலாக, ஒன்று முழுசாகவே.

“எடது கையால நறுக்கினா” என்றார். “காலைல அஞ்சு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துட்டா. நான் வெட்டுதேன்னா கத்தியக் குடுக்க மாட்டேன்னுட்டா. மேடத்துக்கு நாந்தான் அனுப்பணும்னு ஒரே பிடிவாதம்.”

கைநிறைய எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன். தேங்காய் கொஞ்சம் தூக்கல், உப்பு சரியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார், “கடிதாசி வந்து சேந்துச்சா மேடம்?”

“சேந்தது சார். சீல் குத்திட்டேன்.”

“பதில்?”

“சாரமில்லைன்னு எழுதப்போறேன். இன்னும் கொஞ்சம் பொரியல் வைங்க.”